தோசைப் படம் வரைந்தும் பின்னம் புரியாத பிள்ளைக்கு

காரைக்குடியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். நான்காம் வகுப்பில் படிக்கும் மகளுக்குத் தோசை, இட்லி ஆகியவற்றின் படங்களை வரைந்து பின்னம் சொல்லித்தருகிறார். பாதிக்கு வண்ணம் தீட்டு, கால் பங்குக்கு வண்ணம் தீட்டு என்றால் பிள்ளை பிழையில்லாமல் தீட்டிவிடுகிறாள். ஆனால் 1/4, 1/8 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 1/8 என்கிறாள். 1/2 உடன் 1/4 ஐக் கூட்டச் சொன்னால் 2/6 என்று எழுதுகிறாள். இத்தனை படம் வரைந்தும் ஏன் புரியவில்லை, வேறு எந்த உணவின் படத்தை வரையலாம் என்பதுதான் அவருடைய கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் இரண்டு விடைகளும் கவனக்குறைவால் வந்தவை அல்ல; இரண்டுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. எட்டு நான்கைவிடப் பெரிது என்று மூன்று ஆண்டுகளாகப் படித்துவந்த பிள்ளை, 1/8 என்பதை இரண்டு முழு எண்களாகப் பார்த்து அதே விதியை இங்கேயும் போடுகிறாள். 2/6 என்ற விடைக்கோ நாம் வரைந்த படமே காரணமாக இருக்கக்கூடும். அருகருகே இரண்டு தோசைகளை வரைந்து, ஒன்றை இரண்டாகப் பிரித்து ஒரு பங்குக்கும், மற்றொன்றை நான்காகப் பிரித்து ஒரு பங்குக்கும் வண்ணம் தீட்டினால், கண்ணுக்குத் தெரிவது மொத்தம் ஆறு பங்கு, அதில் வண்ணம் பெற்றவை இரண்டு. பிள்ளை கண்டதை அப்படியே எழுதியிருக்கிறாள். ஆகவே தோசையை விட்டு வேறு உணவுக்குப் போவதால் மட்டும் இது தீராது. எந்தப் படமாக இருந்தாலும் அதில் எது ‘முழு’ என்பது பிள்ளைக்கு ஐயமறத் தெரிய வேண்டும், அந்த முழு நடுவில் மாறக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்த வயதில் இதற்காகச் செலவிடும் நேரம் வீணாகாது. ராபர்ட் சீக்லர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரே மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டிய தரவுகளை எடுத்துக்கொண்டு, தொடக்கப் பள்ளி முடியும் வயதில் பின்னத்திலும் வகுத்தலிலும் இருந்த தெளிவு, பின்னாளில் இயற்கணிதத்திலும் ஒட்டுமொத்தக் கணிதத்திலும் அவர்கள் அடைந்த தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. குடும்பத்தின் வருமானம், பெற்றோரின் படிப்பு, பிள்ளையின் பொது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நிலைத்தது.

வண்ணம் தீட்டுவதிலிருந்து தொடங்காமல் பங்கு போடுவதிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே கோடு போட்ட படத்தில் வண்ணம் தீட்டும் பிள்ளைக்கு எண்ணத் தெரிந்தால் போதும். பின்னம் தெரிய வேண்டியதில்லை. நான்கு கட்டங்களில் ஒன்றை நிரப்புவது அவளுக்கு ‘நான்கில் ஒன்று’ என்ற எண்ணிக்கைதான். கோடு போடும் பொறுப்பை அவளிடம் கொடுத்தால்தான் பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவள் கைக்கு வரும். மூன்று தோசைகளை வரைந்து, நான்கு பிள்ளைகளுக்கு ஒருவருக்கும் கூடாமல் குறையாமல் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் ஒவ்வொரு தோசையையும் நான்காகப் பிரித்து ஆளுக்கு மூன்று துண்டு கொடுப்பார்கள். சில பிள்ளைகள் முதல் இரண்டு தோசைகளைப் பாதியாக்கி ஆளுக்கு ஒரு பாதி கொடுத்துவிட்டு, மூன்றாவதை நான்காக்கி ஆளுக்கு ஒரு கால் கொடுப்பார்கள். இரண்டும் சரியே. இரண்டு பிரிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மூன்று கால்களும், அரையும் காலும் சேர்ந்ததும் ஒரே அளவு என்பது கூட்டல் என்ற சொல்லே எழாமல் விளங்கிவிடும்.

இது மிகப் பழைய கணக்கு. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த, இன்று ரைண்ட் பாப்பிரஸ் என்று அழைக்கப்படும் கணித ஏட்டின் முதல் ஆறு கணக்குகளும் ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பங்கிடும் கணக்குகளே. ஆறு ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பிரிக்கும் கணக்கில், ஒவ்வொருவருக்கும் அரையும் பத்தில் ஒன்றும் என்றே அதில் விடை காணப்படுகிறது. உங்கள் மகள் அரையும் காலும் என்று பிரித்தால், அவள் அந்த எழுத்தர் போன வழியிலேயே போகிறாள்.

அடுத்தது 1/8 பற்றிய குழப்பம். வீட்டிலுள்ள சாப்பாட்டுத் தட்டு ஒன்றைத் தாளின்மேல் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, ஒரே அளவில் நான்கு வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதை ஒருமுறை மடிக்கட்டும். மூன்றாவதை இருமுறை, நான்காவதை மும்முறை மடிக்கட்டும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி நீவச் சொல்லுங்கள், ஏனென்றால் தளர்வாக மடித்தால் மூன்றாம் மடிப்பில் ஓரங்கள் விலகிப்போய்ப் பங்குகள் ஏறத்தாழச் சமம் என்ற நிலைக்கு வந்துவிடும். பிறகு பிரித்து, மடிப்புத் தடத்தின்மேல் கோடு போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கூர்முனைகள் பொருந்துமாறு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கட்டும். எட்டுப் பேருக்குப் பிரித்த தோசையில் ஒருவருக்குக் கிடைப்பது, நான்கு பேருக்குப் பிரித்ததில் கிடைப்பதன் பாதிதான் என்பதை அவளே சொல்வாள். அவள் சொல்லும் வரை நீங்கள் சொல்லாமல் இருப்பது முக்கியம்.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு. அப்பத்தா வீட்டுப் பரணிலோ இரண்டாங்கட்டு அலமாரியிலோ பழைய அளவைகள் இருந்தால் இறக்கித் துலக்கி வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே உரி அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. தாளை மூன்று முறை மடித்தபோது கிடைத்த அதே வரிசை இங்கே அரிசியாகக் கையில் கிடைக்கிறது. ஆழாக்கால் எட்டு முறை அள்ளிப் போட்டுப் படியை நிரப்பிய பிள்ளை, எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரிது என்று மறுபடி எழுதுவது அரிது. அளந்து முடித்தவுடன் அந்த நான்கு அளவைகளையும் உயர வரிசையில் நோட்டில் வரையச் சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் 1, 1/2, 1/4, 1/8 என்று எழுதச் செய்யுங்கள். அவள் நோட்டில் இருக்க வேண்டிய சிறந்த படங்களில் இது ஒன்று என்பது என் கருத்து.

அரை, கால், அரைக்கால் ஆகியவற்றோடு நின்றுவிடுவதுதான் வட்டப் படங்களின் பெரிய குறை. பாதி பாதியாக மடிப்பதால் மூன்றில் ஒன்று வராது. பிள்ளை வட்டத்தை மூன்றாகப் பிரிக்க முனைந்தால், பெரும்பாலும் மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோடுகளைப் போடுவாள். நடுத் துண்டு பெரிதாகவும் ஓரத் துண்டுகள் சிறிதாகவும் அமைந்துவிடும். இங்கே பணியாரக் கல் கைகொடுக்கும். நடுவில் ஒரு குழியும் சுற்றி ஆறு குழிகளும் உள்ள ஏழு குழிக் கல்லைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் குழிகளின் விளிம்புகள் தாளில் பதியும். குழி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு, நடுக்குழியின் புள்ளியிலிருந்து சுற்றியுள்ள குழிகளின் புள்ளிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு இழுத்தால் மூன்று சமபங்கு. எல்லாவற்றுக்கும் இழுத்தால் ஆறு சமபங்கு. சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுவிட்டால் 1/3, 2/3, 1/6, 5/6 எல்லாவற்றுக்கும் அந்த ஒரு படமே போதும். 1/3 என்பது 2/6 தான் என்பதும் அதே படத்தில் எதிரே நிற்கும். கல் இல்லாத வீட்டில், வட்டம் வரைந்த கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் ஓரத்தில் ஆறு முறை அடையாளம் வைத்தாலும் அதே ஆறு புள்ளிகள் கிடைக்கும். அதைப் பெரியவர்கள் செய்து கொடுக்கலாம்.

எந்த உணவு எதற்குப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி ஆகியவை தட்டையானவை. எங்கே வெட்டினாலும் கனம் ஏறத்தாழ ஒன்றே. இட்லி நடுவில் உப்பியும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால், நடுவழியே வெட்டும் அரைக்கும் காலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு, தேன்குழல், இடியாப்பம் ஆகியவற்றை வெட்டிப் பிரிக்கும் படங்களுக்கு எடுக்கவே வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுவதானால் தட்டுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். பக்கவாட்டிலிருந்து சாய்த்து எடுத்த படத்தில் வட்டம் முட்டை வடிவாகி, சமமாக வெட்டிய துண்டுகளும் சமமற்றவையாகத் தெரியும். எது சமம் என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது கெடுதல்.

வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அதிரசம், சீயம் ஆகியவற்றை வெட்டாமல் எண்ணிப் பிரிக்கும் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் 12 வெள்ளைப் பணியாரங்களை வரைந்து, தட்டு முழுவதும் சேர்ந்துதான் ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டு, அதில் பாதி எத்தனை, மூன்றில் ஒரு பங்கு எத்தனை, கால் பங்கு எத்தனை, ஆறில் ஒரு பங்கு எத்தனை என்று வளைத்துக் காட்டச் சொல்லலாம்: 6, 4, 3, 2. பங்கின் எண் கூடக் கூடக் கிடைப்பது குறைகிறது என்பது இங்கேயும் தெரியும். இந்தப் படத்துக்கு வரும்போது பல பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஏனென்றால் இதுவரை ஒரு தோசை ‘ஒன்று’. இப்போதோ ஒரு பணியாரம் ‘ஒன்று’ அல்ல, தட்டுதான் ஒன்று. அதனால் தட்டின் விளிம்பைத் தடித்த கோட்டால் வரையுங்கள். எந்தப் படத்திலும் முழுவைத் தடித்த கோட்டால் சூழ்ந்து காட்டுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

அந்தத் தடித்த கோடு ஒன்றைவிடப் பெரிய பின்னங்களில் மிகவும் பயன்படும். இரண்டு தோசைகளை நான்கு நான்காகப் பிரித்து ஏழு துண்டுகளுக்கு வண்ணம் தீட்டி, எவ்வளவு என்று கேட்டால், 7/8 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. எட்டுத் துண்டுகளில் ஏழு என்று எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு தோசையையும் தனித்தனியே தடித்த கோட்டால் சூழ்ந்து, ‘ஒரு தோசை என்பதுதான் ஒன்று, இங்கே எத்தனை தோசை தின்றாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றேமுக்கால் என்று உடனே விடை வரும். கடைக்குப் போய் ஒன்றேகால் கிலோ, ஒன்றரை லிட்டர் என்று கேட்டு வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்குக் கலப்புப் பின்னம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 7/4 என்றும், 1 3/4 என்றும் எழுதுவது அதையே என்று காட்டினால் போதும். இதற்காக நீண்ட பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனிக் கூட்டல். 1/2 உடன் 1/4 ஐக் கூட்டும்போது இரண்டு தோசைகளை வரையாதீர்கள். ஒரே தோசையை வரையுங்கள். நான்காக மடித்த வட்டத்தில் பாதிக்கு ஒரு வண்ணமும், மீதியில் ஒரு காலுக்கு வேறு வண்ணமும் தீட்டட்டும். பாதிக்குள் இரண்டு கால்கள் இருப்பது மடிப்பிலேயே தெரிகிறது, ஆகவே மொத்தம் மூன்று கால்கள். அதன் பிறகு அவளுடைய பழைய விடையை எடுத்து அவளையே சோதிக்கச் சொல்லுங்கள். ஆறு பங்கிட்ட தோசையில் இரண்டு பங்கு பாதியைவிடக் குறைவு; அரைத் தோசை தின்ற பிறகு மேலும் கால் தோசை தின்றால் மொத்தம் பாதிக்கும் குறையுமா என்று கேளுங்கள். விடை நடக்கக்கூடியதா என்று எடை போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம், எந்த விதியையும்விட அவளுக்கு அதிகம் உதவும்.

1/3 உடன் 1/4 ஐக் கூட்டுவதற்கு வட்டம் ஏற்றதல்ல. இதற்கு நான் பரிந்துரைப்பது தேங்காய்ப் பர்பித் தட்டு. நெய் தடவிய நீள்சதுரத் தட்டில் பாகை ஊற்றிப் பரப்பி, ஆறுவதற்கு முன் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கட்டம் போட்ட நோட்டில் மூன்று வரிசை, நான்கு நிரல் என 12 கட்டங்கள் கொண்ட நீள்சதுரம் ஒன்றைத் தடித்த கோட்டால் வரைந்துகொள்ளுங்கள். தட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு படுக்கை வரிசை: நான்கு துண்டுகள். நான்கில் ஒரு பங்கு என்பது ஒரு நெடுக்கு நிரல்: மூன்று துண்டுகள். இரண்டும் சேர்ந்தால் ஏழு துண்டுகள், முழுத்தட்டு 12 துண்டுகள், ஆகவே 7/12.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே படத்தில் வரிசைக்கும் நிரலுக்கும் வண்ணம் தீட்டினால் இரண்டும் ஒரு துண்டில் சந்திக்கும். எண்ணிப் பார்த்தால் ஆறு துண்டுகளுக்குத்தான் வண்ணம் இருக்கும். அந்தத் துண்டு இருமுறை வண்ணம் பெற்றிருக்கிறது. ஒரே பர்பியை இருவருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இரண்டாமவருக்கு அதற்கு ஈடாகப் பக்கத்திலுள்ள வேறொரு துண்டைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் பிள்ளை உடனே ஒப்புக்கொள்வாள், ஏழும் சரியாக வரும். அந்தச் சந்திப்புத் துண்டை மறந்துவிடாமல் ஓரமாக ஒரு குறி போட்டு வையுங்கள். மூன்றில் ஒரு பங்கின் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1/12, அதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பின்னப் பெருக்கல் வரும்போது இதே படத்தைத் திரும்ப எடுக்கலாம். பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்துப் பகுதிகளை, அதாவது கோட்டின் கீழுள்ள எண்களை, சமப்படுத்துவதும் இந்த வேலைதான்: வரிசைக்கும் நிரலுக்கும் பொதுவான சிறுதுண்டு எது என்று தேடுகிறோம். இந்தத் தட்டைப் பார்க்காமல் அந்த விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, ஓராண்டுக்குள் அதை மறந்துவிடக்கூடும்.

சதுரத்தையும் நீள்சதுரத்தையும் கையாளும்போது கால்பங்கு ஒரே வடிவில்தான் இருக்கும் என்ற எண்ணம் படிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சதுர மைசூர்பாகு ஒன்றை வரைந்து, நான்கு பட்டைகளாகவும், நான்கு சிறு சதுரங்களாகவும், மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு நான்கு முக்கோணங்களாகவும் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று படங்களிலும் ஒரு துண்டு கால்தான். உணவை விட்டுச் சற்று விலகிச் சொல்வதானால், ஆத்தங்குடிக் கல் பதித்த தளங்களில் நான்கு கற்கள் கூடி ஒரு பூவாகும் கோலம் உண்டு. அப்படிப்பட்ட தளம் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால், ஒரு கல்லில் எவ்வளவு பூ என்று கேட்டுப் பாருங்கள்.

பகுதி, தொகுதி என்ற சொற்களை இதற்கெல்லாம் பிறகு சொன்னால் போதும். முழுவை எத்தனை சமபங்காக்கினோம் என்பதைக் கோட்டின் கீழேயும், அவற்றில் எத்தனையை எடுத்தோம் என்பதைக் கோட்டின் மேலேயும் எழுதுகிறோம் என்பதை, அவள் தன் கையால் பிரித்த படத்தின் பக்கத்திலேயே எழுதச் செய்யுங்கள். படம் ஒரு பக்கத்திலும் எண் மறு பக்கத்திலும் இருந்தால் இரண்டும் அவள் மனத்தில் இரண்டாகவே தங்கிவிடும்.

உணவுப் படங்களோடு நின்றுவிடவும் கூடாது. படத்தில் பின்னம் என்பது எப்போதும் எதிலாவது ஒரு துண்டு. ஆனால் 3/4 என்பது 0க்கும் 1க்கும் நடுவே தனக்கென்று இடமுள்ள எண்ணும் ஆகும். வட்டத்திலிருந்து நேராக எண்கோட்டுக்குத் தாவினால் பிள்ளைகள் தொடர்பைத் தவறவிடுகிறார்கள். நடுவில் ஒரு படியாக, 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கடலை மிட்டாய்ப் பட்டை ஒன்றை வரைந்து, அதன் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டு, தொடக்கத்தில் 0, முடிவில் 1 என்று எழுதுங்கள். இடது ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே போனால் 3 செ.மீ.இல் கால், 4 செ.மீ.இல் மூன்றில் ஒன்று, 6 செ.மீ.இல் அரை, 9 செ.மீ.இல் முக்கால். பிறகு பட்டையை அழித்துவிட்டுக் கோட்டை மட்டும் விட்டுவையுங்கள். பக்கத்தில் இன்னொரு பட்டையின் நீளத்தை ஒட்டினால் 2 வரை கோடு நீளும், ஒன்றேகாலும் ஒன்றரையும் அங்கே இடம் பிடிக்கும். எது பெரியது என்ற கேள்விக்கு இனி எண்ணைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துச் சொல்வாள்.

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். மடிப்பும் படியளவும் முதலில். அவை உறுதியான பிறகு பணியாரத் தட்டு. பர்பித் தட்டு வருவதற்கு ஒரு மாதம் ஆனாலும் நட்டமில்லை. அடுத்ததற்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ள, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். துண்டை மட்டும் வரைந்து கொடுத்து முழுவை வரையச் சொல்ல வேண்டும்: மூன்று பணியாரங்களை வரைந்து, இது தட்டில் கால் பங்கு, தட்டை முழுதாக வரை என்று சொல்லுங்கள், நான்கு கட்டம் பர்பியை வரைந்து, இது முழுவில் மூன்றில் இரண்டு பங்கு, முழுத்துண்டு எவ்வளவு என்று கேளுங்கள். முதலாவதற்கு 12 பணியாரமும் இரண்டாவதற்கு ஆறு கட்டமும் வரைந்து, ஏன் என்றும் சொல்லிவிட்டால் மேலே போகலாம். இரண்டாவதில் தயங்கினால் அந்த நான்கு கட்டத்தை முதலில் இரண்டு சமபங்காக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு பங்குதான் மூன்றில் ஒன்று என்பது தெரிந்தவுடன் மீதியை அவளே வரைந்துவிடுவாள்.